பின்னால் ஒருவர்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் இன்றோடு பட்டன்களிடமிருந்து விடுதலை பெற்றது.

இந்தப் பிரகடனத்தைத் துணை மேலாளர் தம் கார் ஷெட்டில் வைத்து வெளியிட்டார். கேட்டுக்கொண்டிருந்தது மனைவி மட்டும். அவள் கையில், காரின் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய திருகுக் குமிழ்கள் மூன்று இருந்தன.

“நல்லாத்தானேங்க இருந்துச்சு?”

“உங்க அண்ணன் கார்ல திருகு இருக்கா? எல்லாமே ஸ்கிரீன். நாம மட்டும் என்ன இளைச்சவங்களா?”

அண்ணனின் கார் பிறக்கும்போதே அகலத் திரையோடு பிறந்தது. போன வாரம் அந்தத் திரை இருண்டுபோக, ஏசியைக்கூட நிறுத்த வழியில்லாமல் பல் கிடுகிடுக்க ஓட்டிப்போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். ஆகவே இன்று மச்சானை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரும் பாக்கியம் துணை மேலாளருக்கு வாய்த்தது. இத்தனை நாள் கேட்ட பீற்றலுக்கெல்லாம் பதில் சொல்ல இதைவிட்டால் வேறு நாள் கிடைக்காது.

ரிவர்ஸ் கியரைப் போட்டார். ரேடியோ இருந்த இடத்தில் புதிதாக மாட்டிய திரையில் ஷெட் வாசலும் கேட்டும் தெரிந்தன.

“பார்த்தியா, கேமரா!”

“எங்கங்க இருக்கு அது?”

“கண்ணுக்குத் தெரிஞ்சா அப்புறம் என்ன டெக்னாலஜி?”

கேட்டருகே, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார்.

துணை மேலாளர் ஹாரன் அடித்தார். அசையவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தார். யாருமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். திரையில் அந்த ஆள் இருந்தார். கொஞ்சம் கிட்டத்தில்.

திரையை மாட்டிக்கொடுத்த கடைக்காரருக்குப் போன் பறந்தது.

“நிழலா இருக்கும் சார். பிரைட்னஸைக் குறைங்க.”

குறைத்தார். ஷெட் மறைந்தது; கேட் மறைந்தது. அந்த ஆள் மட்டும் பளிச்சென்று நின்றார்.

“அப்ப ரீசெட் பண்ணிப் பாருங்க.”

பண்ணினார். ஆள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். கூடவே ஒரு பெண் குரல் ஷெட்டே அதிரக் கத்தியது: “பின்னால் ஒருவர் இருக்கிறார்!”

சத்தத்தைக் குறைக்கத் திருகு இல்லை. மெனுவுக்குள் மெனு, அதற்குள் ஒரு மெனு, கடைசியில் ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு கேள்வி. நிச்சயமாக என்று அமுக்கினார். குரல் அடங்கி, பிடரிக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தது: “பின்னால் ஒருவர் இருக்கிறார்.”

கத்தியதே தேவலை என்றிருந்தது.

“அந்தத் திருகைக் கொடு!”

“கொடுக்கறேன். எதுல மாட்டுவீங்க?”

திரை முழுக்க மச்சானின் பெயர் மின்னியது. “என்ன மாப்ள, புது ஸ்கிரீன் வழி காட்டலையா?”

“ஒருத்தர் குறுக்க நிக்கறார். நகர்ந்ததும் வந்துடறேன்.”

“யாரு?”

துணை மேலாளர் போனை வைத்துவிட்டு மறுபடி கடைக்காரரைப் பிடித்தார். “நீயே நேர்ல வாய்யா!”

“எப்படியும் இன்னிக்கு உங்க வீட்டுக்கு வரவேண்டிய வேலை இருக்கு சார்.”

அவர் வருவதற்குள் திரையில் ஷெட்டும் இல்லை, கேட்டும் இல்லை. அந்த ஆளின் சட்டை பட்டன்கள் மட்டும்தான் தெரிந்தன.

கடைக்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினார். துணை மேலாளர் ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டார். “என்னய்யா கேமரா மாட்டியிருக்கே? மனுஷன் மானமே போகுது!”

கடைக்காரர் பெட்டியைப் பிரித்தபடி சொன்னார்:

“தாமதத்துக்கு மன்னிக்கணும் சார். கேமரா இன்னிக்குத்தான் வந்துச்சு. இனிமேதான் மாட்டணும்.”