இரும்புருக்கி சாமியின் கறுப்புக் கட்டை

ஆரணியில் பட்டுப் புடவையை விட வேகமாக விற்றது இரும்புருக்கி சாமியின் தரிசன டோக்கன். களம்பூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் முதல் பஸ்ஸிலேயே கூட்டம் வந்து இறங்கியது. இடுப்பு மூட்டு மாற்றும்போது டாக்டர் வைக்கும் இரும்பு சனிக்கு உரியதாம். சாமி அதை மந்திரத்தால் எலும்பாக்கிவிடுவார். குணமாக டாக்டர் மூன்று மாதம் கேட்கிறார். சாமிக்குக் கால்மணி நேரம் போதும்.

அத்தாட்சியும் உண்டு. தியேட்டர் வாசலில் இரும்பு இருக்கிறதா என்று நம்மைத் தடவிப் பார்க்கும் கறுப்புக் கட்டைதான். பூசைக்கு முன் இடுப்பருகே வைத்தால் 'கீ' என்று கத்தும். பூசைக்குப் பின் கத்தாது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

குணமானவர் வாக்கரைக் காணிக்கையாக விட்டுவிட்டு, சாமி எதிரே சம்மணமிட்டு உட்கார வேண்டும். அந்த வாக்கர்கள் பூசை மண்டபத்தின் பின்வாசலில் பாதி விலைக்குக் கிடைத்தன. வாங்கியவர்கள் பெரும்பாலும் போன மாதம் குணமானவர்கள்.

தறிக்காரர் குமரேசனுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். சம்மணமிட்டாலும் தாழ்வாக உட்கார்ந்தாலும் புது மூட்டு நழுவிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குமரேசனுக்கோ தறிக்குழியில் இறங்க அவசரம். கூடவே மனைவி அபிதகுசாம்பாள் வந்திருந்தார். பட்டு நூல் நிறுக்குமுன் தராசைக் காலியாகக் காட்டச் சொல்லும் பெண்மணி.

பூசை முடிந்தது. கட்டை கத்தவில்லை.

"இரும்பு போயிட்ச்சி. சம்மணம் போட்டு உக்காருப்பா," என்றார் சாமி.

குமரேசன் வாக்கரை விட்டுவிட்டுக் குனியத் தொடங்கினார். மனைவி அவர் தோளைப் பிடித்தார்.

"இருங்க. சாமி, அந்தக் கட்டைய உங்க சூலத்து மேல வெச்சிக் காட்டுங்க."

"சூலத்த சோதிக்கறது தெய்வ குத்தம்மா."

"அப்ப இந்தச் சாவிக்கொத்து. இதுல தெய்வம் எதுவும் இல்ல, பீரோ மட்டும்தான்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சாமி வைத்தார். சத்தமில்லை.

"சாவியும் எலும்பாயிட்ச்சா சாமி?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அபிதகுசாம்பாள் கட்டையை வாங்கி, பிடியில் சாமியின் கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்தார். ஒரு சுவிட்ச். தள்ளினார். சாவி கத்தியது. சூலம் கத்தியது. குமரேசன் இடுப்பும் கத்தியது.

"நம்பிக்கை இல்லாதவங்க வந்தா சக்தி பேஜாராயிடும்," என்றார் சாமி, பின்வாசலைப் பார்த்தபடி.

"நான் போன வாரம் சம்மணம் போட்டு உக்காந்தனே," என்றார் ஒரு பெரியவர்.

"எழுந்தீங்களா?" என்று கேட்டார் அபிதகுசாம்பாள்.

"எங்க எழுந்தேன்? வேலூருக்கு ஆம்புலன்ஸ்ல தூக்கிகினு போனாங்க."

"அப்புறமும் வந்திருக்கீங்க?"

"மறுபடி மூட்டைச் சேத்து வுட்டாங்க. அதான் இன்னொரு பூசை."

குமரேசன் வாக்கரை இழுத்து ஊன்றிக்கொண்டார். டாக்டர் மூன்று மாதம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இடுப்பை. மூளையை அல்ல. அதைத் தினமும் கொஞ்ச தூரம் நடக்க விடலாம்.