எல்லைக்கோட்டு ஆள்

எல்லைக்கோட்டில் நின்ற கணேசலிங்கம் அந்தப் பந்தையும் தவறவிட்டார். பிறகு, குற்றம் சூரியனுடையது என்பதுபோல அண்ணாந்து பார்த்தார். ஜேர்மனியின் டோர்ட்மண்டில் அன்று தூறல்.

பழைய மாணவர் கிரிக்கெட் அணியின் தலைவர் விஜயரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. பாதிப் பருவம்தான் முடிந்திருந்தது, அதற்குள் அணி கடைசி இடத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு தோல்வி என்றால் அடுத்த வருடம் போட்டியில் இடமே கிடையாது. ஊரில் மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் இப்போது இந்தச் சட்டைகளில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

ஹம் நகரத்து அணியும் பழைய மாணவர் அணிதான், வேறு பள்ளிக்கூடம். அதன் தலைவர் சிறீதரனுக்கு விஜயரத்தினம் போன் எடுத்தார்.

"உங்கட மதீசனை எங்களுக்குத் தாரும். தாய் படிச்சது எங்கட பள்ளிக்கூடம்தானே, விதிப்படி பிழையில்லை."

"தாறன் அண்ணை. பதிலுக்குக் கணேசலிங்கத்தைத் தாங்கோ."

விஜயரத்தினம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். கையில் பந்து நழுவாத இளைஞனுக்குப் பதில், கையில் பந்தே நிற்காத மனிதர். வேறு பள்ளிக்கூடத்தவருக்கு அணியில் இடமில்லை என்ற விதியைப் பற்றிச் சிறீதரன் கேட்கவில்லை, இவரும் மூச்சுவிடவில்லை. அவர் மனம் மாறுவதற்குள் "ஓம்" என்றார்.

இனிக் கணேசலிங்கத்திடம் சொல்ல வேண்டும். அகதி முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்த நாளிலிருந்து கூடவே இருப்பவர். நேரே சொல்ல விஜயரத்தினத்துக்கு வாய் வரவில்லை.

"கணேசு, உன்ர முழங்கால் சரியில்லைப் போல. கொஞ்ச நாள் ஆறுதலா வீட்டில இரு."

கணேசலிங்கம் உடனே டொக்டரிடம் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய்க் காட்டினார். முழங்காலுக்கு ஒரு குறையுமில்லை என்றாராம் டொக்டர். மறுநாளே காலையில் ஓடவும் தொடங்கிவிட்டார்.

"அப்ப கண்தான் பிழை."

கணேசலிங்கம் கண்ணாடியும் மாற்றினார். அதன்பிறகு பந்தைத் தெளிவாகப் பார்த்துத் தவறவிட்டார்.

கடைசியில் விஜயரத்தினம் வீட்டுக்கே போனார். கணேசலிங்கம் அணிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, எங்கட பள்ளிக்கூட மணி ஞாபகம் இருக்கே? தண்டவாளத் துண்டு. மழையில அடிச்சால் ஒருத்தருக்கும் கேக்காது. பியோன் மாமா வாசல் வாசலாப் போய்க் கத்தித்தான் பள்ளிக்கூடம் விடுவார்."

விஜயரத்தினம் அந்தக் கதையை எப்படிச் சொல்வாரோ அப்படியே, ஒரு சொல் பிசகாமல் கணேசலிங்கம் சொன்னார். முடிக்கையில் இருவருக்கும் கண் கலங்கியது. கணேசலிங்கத்தின் மனைவி ரஞ்சினி வைத்த பிட்டைச் சாப்பிட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே விஜயரத்தினம் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சிறீதரன் மதீசனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். விஜயரத்தினம் அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"மதீசன் வேண்டாம். தோத்தாலும் பரவாயில்லை. கணேசு எங்கட பள்ளிக்கூடத்துப் பொடியன், அவனை விட ஏலாது."

சிறீதரன் திரும்பிப் பார்த்தார். தூரத்தில், எல்லைக்கோட்டில், கணேசலிங்கம் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவன் எங்கட பள்ளிக்கூடத்தில என்ர வாங்கில எனக்குப் பக்கத்தில இருந்து படிச்சவன், முகாமில முதல் நாள் நீங்கள் உங்கட பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சொல்லி அழ, பாவம் எண்டு 'நானும் அங்கதான்' எண்டு சொல்லிப்போட்டானாம்."