சாதுவான பட்டாம்பூச்சிகள்

“வந்தா மட்டும் பத்தாதுப்பா. விருது குடுக்கிற மேடம் பார்த்து முடிக்கிற வரைக்கும் அது செடியில உட்கார்ந்துக்கினு இருக்கணும்.”

“பட்டாம்பூச்சிக்கெல்லாம் ஆர்டர் போட முடியாதே சார்?”

“அப்ப உனக்குப் போடறேன். வெள்ளிக்கிழமை தோட்டத்துல பட்டாம்பூச்சி இல்லன்னா, சனிக்கிழமை நீ இல்ல.”

வாலாஜாபாத் சாலைப் பட்டுநூல் ஆலையின் முதலாளி நமச்சிவாயம் சொன்னால் சொன்னதுதான். புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போட்டு நூலெடுக்கும் ஆலைக்கு ‘உயிர்நேயத் தொழிலகம்’ விருது வேண்டுமாம். பக்கத்து அரிசி ஆலைக்காரர் போன வருஷமே வாங்கிவிட்டார், அந்த வயிற்றெரிச்சல்.

அதற்கான பட்டாம்பூச்சித் தோட்டப் பொறுப்பு மூன்று மாதம் முன்பே ஆபீசர் ஸ்ரீவர்தன் தலையில் விழுந்திருந்தது. மொழிபெயர்ப்பு நாவல்களில் பிரபுக்களின் தோட்டங்களில் நெடுநேரம் உலாவியவன் அவன். எருக்கும் அரளியும் நட்டான். கம்பளிப்புழுக்கள் வந்து இலைகளைத் தின்றன.

“இன்னாப்பா, தோட்டம் மொட்டையா இருக்குது?” என்று கத்தினார் முதலாளி.

மருந்து அடித்தான். இலை தழைத்தது, காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

தொழிலாளர் மனமகிழ்ச்சிக்கென்று பெஞ்சும் போட்டார்கள். அதில் உட்கார்ந்ததற்காகக் கொதிதொட்டியில் வேலை பார்க்கும் பட்டம்மாளுக்கு மெமோ வந்தது.

“அப்ப பெஞ்சு எதுக்கு சார்?”

“வர்றவங்க பார்க்கிறதுக்கும்மா.”

பட்டம்மாளின் தலைமேல் இருந்த பட்டுக்கூட்டுக் கூடையைப் பார்த்ததும் ஸ்ரீவர்தனுக்குப் பொறி தட்டியது.

“இந்த ஒரு கூடையை மட்டும் தொட்டியில கொட்டாதம்மா. அதுங்க வெளிய வரட்டும்.”

“தெரிஞ்சா முதலாளி என்னைத் தூக்கித் தொட்டியில கொட்டிருவாரு.”

வெள்ளிக்கிழமை காலை, கூடுகளைத் துளைத்துக்கொண்டு பூச்சிகள் வந்தன. வெள்ளை வெளேரென்று, குண்டு குண்டாக. பறக்கத் துப்பில்லை. இலைக்கு ஒன்றாகப் பொறுக்கி வைத்தான். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி வைத்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சென்னையிலிருந்து விருதுக்குழு ரக்ஷா மேடம் வந்தார். பெஞ்சில் பட்டம்மாள், உத்தரவுப்படி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேடம் ஒரு பூச்சியை உள்ளங்கையில் ஏந்தினார். கண் கலங்கிவிட்டது.

“எவ்ளோ பாசமா வளர்த்திருந்தா இப்படிப் பயமில்லாம உட்காரும்! விருது உங்களுக்குத்தான் சார்.”

முதலாளி கை கூப்பினார். ஸ்ரீவர்தனுக்கு மூச்சு வந்தது. பின்னால் தொட்டிக் கொட்டகையில் ஆவி புகைந்துகொண்டிருந்தது.

மேடம் பூச்சியை மெல்லத் தடவினார்.

“ஒரே ஒரு ஆசை சார். இதோட கூடப்பொறந்ததுங்கள்லாம் எங்க இருக்கு? கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்.”