ஒத்தச்சொட்டு அக்காவும் லாரிக் கிருமியும்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் இருந்தவர்கள் இரண்டே வகை. ஒத்தச்சொட்டு அக்காவிடம் விரலை நீட்டியவர்கள் ஒரு வகை. அவருடைய மொபெட் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக ஓடியவர்கள் இன்னொரு வகை. ஓடியவர்களும் அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையிலோ கல்யாண வீட்டிலோ பிடிபட்டு முதல் வகையில் சேர்ந்துவிடுவார்கள்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணன் தம்பிகள் எல்லோரும் வாத்தியார்கள். இவர் மட்டும் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருபது வருஷம் ரத்தம் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிச் செக்காலைப் பகுதியில் சின்னதாக ஒரு லேப் போட்டார். நான் கூட்டுறவு அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த லேபுக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். அதனால் எனக்கு ஓட வழியில்லை. இறங்கும் மாடிப்படி அவர் வாசலில்தான் முடியும்.

மற்ற லேப்காரர்கள் நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அக்கா நோயைத் தேடிப் போவார். காலையில் மாதா கோயில் பூசை முடிந்ததும் மொபெட்டின் முன்னால் ஒரு டப்பாவை வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். டப்பாவுக்குள் தீப்பெட்டி அளவில் வெள்ளை பிளாஸ்டிக் அட்டைகள். மதுரை மருந்துக் கடையில் சொல்லி வைத்து வரவழைப்பது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் சில துளி மருந்துத் தண்ணீர், பத்து நிமிஷம். ஒரு கோடு வந்தால் வயிற்றில் கிருமி இல்லை. இரண்டு கோடு வந்தால் உண்டு. கிருமிக்குப் பெயர் ஹெச். பைலோரி. ஊர் வாயில் அது முதலில் பைலாரி ஆகி, பிறகு வெறும் லாரி ஆகிவிட்டது. "எங்க மாமாவுக்கு வயித்துல லாரி ஓடுதாம்" என்று டீக்கடையில் கவலையோடு பேசிக்கொள்வார்கள்.

"ஒத்தச் சொட்டுத்தான கேக்குறேன், உசுரயா கேக்குறேன்?" இதுதான் அக்கா வீட்டு வாசலில் நின்று சொல்லும் முதல் வாக்கியம். பெயர் அப்படித்தான் வந்தது.

ஒருநாள் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அவ்வளவுதான்.

"தம்பி, இங்குட்டு வா. எத்தன நாளா எரியுது?"

"நாலஞ்சு நாளாக்கா. ஓட்டல்ல காரம் கொஞ்சம் ஜாஸ்தி..."

"காரத்தச் சொல்லாத! மொளகாயி பாவம், அது பாட்டுக்குச் செடியில தொங்குது. ஊரே அது மேல பழியப் போடுது. கைய நீட்டு."

குத்திவிட்டு, அந்தப் பத்து நிமிஷமும் கிருமியின் பெருமையைச் சொன்னார். "வயித்துல ஊறுற அமிலம் இருக்கே, ஆணியப் போட்டா அரிச்சிரும். அதுக்குள்ள ஒருத்தன் போயி உக்காந்து குடும்பம் நடத்துறான்னா, அவன் என்ன லேசுப்பட்ட ஆளா?" சொந்தத் தம்பி கலெக்டர் ஆனதைச் சொல்வதுபோல அவர் முகம் மலர்ந்திருந்தது. பத்து நிமிஷம் முடிந்தது. எனக்கு ஒரே கோடு. அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரீட்சையில் தேறாத பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"உனக்கு ஒண்ணுமில்ல. டீயக் கொறை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டிலிருந்து வயிற்றுவலிக்காரர் ஒருவருக்குச் சோதனை செய்ய அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போன இடத்தில் சும்மா இருப்பாரா? வீட்டில் இருந்த ஒன்பது பேருக்கும் பார்த்துவிட்டார். எட்டுப் பேருக்கு இரண்டு கோடு. வீட்டு ஆச்சி கொதித்துப் போனார்.

"எங்க வீட்டுல இப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. புதுசா வந்தவக யாரு? எல்லாம் மருமக கொண்டாந்ததுதான்!"

"ஆச்சி, ஒத்தக் கோடு வந்தது உங்க மருமகளுக்கு மட்டுந்தான்" என்றார் அக்கா.

ஆச்சி அட்டையை உற்றுப் பார்த்தார். "இந்த அட்ட அவ கட்சி. எடுத்துக்கிட்டுப் போங்க!"

அந்த எட்டுப் பேரும் மறுநாள் ஒரே காரில் எங்கள் ஊர் டாக்டர் வீட்டு முன்னால் வந்து இறங்கினார்கள். ஏழு பேருக்கு ஒரு வலியும் கிடையாது. டாக்டர் ஆள்விட்டு அக்காவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"ஏம்மா, நம்ம ஊருல யாரக் குத்திப் பாத்தாலும் ரெண்டு கோடுதான் வரும். உங்க அட்டை கிருமி எப்பவாவது வந்துச்சான்னுதான் சொல்லும். இப்ப இருக்கான்னு சொல்லாது. புண்ணு இருக்கான்னும் சொல்லாது. வலி இல்லாதவன எதுக்கு எங்கிட்ட அனுப்புறீங்க?"

வேறொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். அக்கா கையிலிருந்த சின்ன நோட்டில் அதை எழுதிக்கொண்டார். "சரிங்க டாக்டர். இனிமே வலி உள்ளவகளுக்கு மட்டும் பாக்குறேன்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "நல்ல மனுசன். படிச்சிருக்காரு" என்று டாக்டருக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

வலி உள்ளவர்கள் என்றால் முதல் ஆள் சமையல் மாஸ்டர்தான். சுற்று வட்டாரத்தில் பெரிய கல்யாணம் என்றால் அவர்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அவர் ஆக்கும் ஆட்டு உப்புக்கறிக்காகத் தேதியைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு. ஆனால் மாஸ்டருக்கு அல்சர். ஒன்பது வருஷமாக மோர்ச்சோறுதான். தான் ஆக்கிய கறியைத் தானே வாயில் வைத்துப் பார்த்ததில்லை. வாசனையை வைத்தே உப்புச் சொல்வார். காரத்தோடு பழகினால் அல்சர் வராமல் என்ன செய்யும் என்று அவரும் நம்பினார், ஊரும் நம்பியது.

அக்கா அவரை ஒரு வருஷம் துரத்தினார். அண்டாவை ஒற்றைக் கையால் இறக்கும் அந்த மனிதருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும். கடைசியில் நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில், அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். மாஸ்டர் ஓடவில்லை. ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு ஓடலையா?"

"ஓட முடியல தாயி. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்குது. குத்துறதக் குத்திட்டுப் போங்க."

அக்கா விரலைப் பிடித்துக் குத்தினார். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சொட்டு அட்டையில் விழுந்தது. வழக்கமாக அந்த இடத்தில் கிருமி புராணம் ஆரம்பித்துவிடும். அன்று அக்கா அட்டையை என்னிடம் நகர்த்திவிட்டார். மாஸ்டரின் நகத்தைப் பார்த்தார். கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். இரண்டும் வெள்ளைத் துணிபோல வெளுத்திருந்தன.

"அதுக்குள்ள ரெண்டு கோடு வந்துருச்சுக்கா!" என்றேன் நான், உற்சாகமாக.

"கோடு கெடக்கட்டும். அண்ணே, மலம் கருப்பாப் போகுதா?"

மாஸ்டர் பதறிவிட்டார். "என்ன கேள்வி கேக்குறீக? சுத்திப் பொம்பளையாளுக இருக்காக!"

"தாரு மாதிரி போகுதா, இல்லையா?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்தார். "நாலு நாளா அப்படித்தான் போகுதாம். யாருகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாக."

"வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. இப்பவே மதுரைக்குப் போகணும்" என்றார் அக்கா.

"நாளைக்கு அறுநூறு எல விழும் தாயி. நான் எப்படி வருவேன்?"

கல்யாண வீட்டுக்காரரும் ஓடி வந்தார். "முகூர்த்தம் முடியட்டும். நாளைக்குச் சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "கல்யாணப் பந்தல்ல சாவு விழுந்தாப் பரவாயில்லையா உங்களுக்கு?"

அடுத்த ஐந்தாவது நிமிஷம் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ கட்டி நிறுத்தியிருந்த கார் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பியது. முன்னால் நான். பின்னால் அக்காவின் மடியில் மாஸ்டரின் தலை. திருப்பத்தூர் தாண்டும்போது அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. "உப்புக்கறிக்குப் பூண்டு எவ்வளவு போடணும், சொல்லுங்க. எனக்குத் தெரியணும்" என்று அக்கா வழி முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே தவறான அளவைச் சொன்னார். தொழில் ரகசியத்தை அந்த நிலையிலும் விடவில்லை.

மதுரையில் ரத்தம் ஏற்றி, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் ஆரம்பத்தில் புண், அதில் கசிவு. கிருமியும் இருந்தது. "இன்னும் ஒருநாள் போயிருந்தா ஆள் தேறியிருக்க மாட்டாரு" என்றார் அங்கிருந்த டாக்டர். அக்கா தலையசைத்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாச்சியாபுரத்தில் மறுநாள், ஏற்ற வேலை கெடக்கூடாது என்று தங்கிவிட்ட மாஸ்டரின் மனைவியே கரண்டியைப் பிடித்தார். அறுநூறு இலையில் ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அல்சரைவிட அதுதான் மாஸ்டருக்கு அதிகம் வலித்தது.

இரண்டு வாரம் கிருமிக்கு மாத்திரை. புண் ஆற இன்னும் சில வாரம். அதன் பிறகு மாஸ்டர் எங்கள் தெருவில் எல்லோர் முன்னாலும் ஒரு துண்டு உப்புக்கறியை எடுத்து வாயில் போட்டு மென்றார். "உப்புக் கம்மி" என்றார். தெருவே கைதட்டியது.

அந்தச் சந்தோஷத்தில் அக்கா ஒரு காரியம் செய்தார். "ஒத்தக் கோடு வர்றத எல்லாரும் பாருங்க" என்று மாஸ்டர் விரலில் மறுபடி குத்தினார். பத்து நிமிஷம் கழித்து வந்து நின்றது இரண்டு கோடு. மாஸ்டர் முகம் சுருங்கியது. "மருந்தெல்லாம் வேஸ்ட்டா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அக்கா நோட்டைப் புரட்டி, டாக்டர் சொன்னதை எழுதிவைத்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "தப்பு என்னோடது. கிருமி போன பெறகும் அதை எதுத்து நின்ன சத்து ரத்தத்துல ரொம்ப நாளு இருக்கும். இந்த அட்ட அதத்தான் காட்டுது. போயிருச்சான்னு பாக்க இத வச்சுக் குத்தியிருக்கவே கூடாது. அண்ணே, மதுரையிலயே பாத்துக்குவோம்." பார்த்தார்கள். கிருமி இல்லை.

தன் பிழையை அவ்வளவு கம்பீரமாக ஒப்புக்கொண்ட ஆளை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

மறு வருஷம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அக்கா வந்திருந்தார். "அங்குட்டுப் போயி நேரத்துக்குச் சாப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டார். நான் அவர் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

சேலம் போய்ச் சேரும்வரை நான் முகம் கழுவவில்லை.