ரயில் மாமாவின் கை

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையால் ஓடும் ரயிலை ரயில் மாமா அளவுக்குத் திட்டியவர் இலங்கையிலேயே இருக்க முடியாது. அவர் வீட்டு மேல்மாடியில் நான் குடியிருந்தேன். கீழே இறங்கினால் தேத்தண்ணியைத் தன் கையால்தான் தருவார். பாதி கோப்பையில் வரும், மீதி என் காற்சட்டையில். "ரயில் போகுது தம்பி, வீடே ஆடுது," என்பார். ரயில்காரர் வேலைநிறுத்தம் செய்த வாரத்திலும் ரயில்தான் போனது. மாமியும் அடுப்படியிலிருந்து, "ஓமோம், பெரிய ரயில்," என்பார்.

பார்க்கின்சன் வருத்தம், நடுக்க நோய் என்று டொக்டர் சொல்லியும் மனுஷன் ஒப்புக்கொள்ளவில்லை. மருந்துக்கும் கை அடங்கவில்லை. ஒருநாள் மாமா நீட்டிய தேத்தண்ணி மாமியின் கையைப் பொசுக்கிவிட்டது. அன்றைக்கே மாமா மேலே வந்தார். "சென்னையில ஏதோ ஒப்பரேஷன் இருக்காம் தம்பி. அவளுக்கு ஒரு கோப்பை சிந்தாமக் குடுக்கவேணும்."

துணைக்கு நான் போனேன். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பற்றரி புதைத்து, மின்சாரத்தால் நடுக்கத்தை அடக்குவார்கள். ஆளை விழிப்பாக வைத்துத்தான் கம்பியைச் செலுத்துவார்களாம். மின்சாரம் பாய்ந்ததும் கை நடுக்கம் நின்றுவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்ட டொக்டரிடம் மாமா, "உங்கட ஊரில ரயில் ஓடுறேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வரும்போதுதான் வில்லங்கம். யுத்தகாலக் கொழும்பில், நெஞ்சில் பற்றரியும் கழுத்தில் வயரும் உள்ள ஒரு தமிழர். சோதனைச்சாவடியில் தடவிப் பார்த்த ஆமிக்காரன் துள்ளிப் பின்வாங்கித் துவக்கை நீட்டினான். "அதுக்கு ரிமோட் இருக்கு," என்று மாமா விளக்கம் சொல்ல, இன்னும் இருவர் ஓடிவந்தார்கள். நான் டொக்டர் தந்த கடிதத்தை நீட்டினேன். அவர்களின் அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு, நடுங்காத கைக்கு எதற்குப் பற்றரி என்று சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மாமா ரிமோட்டை எடுத்துப் பற்றரியை நிப்பாட்டினார். கொஞ்ச நேரத்தில் கை உதறத் தொடங்கியது. வரிசையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"இது ரயிலில்லை, தம்பி," என்றார் என்னிடம். "என்ர வருத்தம்."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு, "ஹரி அங்கிள், யன்ன," என்றார்; சரி, போங்கள் என்று அர்த்தம். பற்றரியை மறுபடி போட மாமாவின் விரல் ரிமோட்டில் ஓரிடத்தில் நிற்கவில்லை. நான்தான் பொத்தானை அமத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் தேத்தண்ணி போட்டார். விளிம்புவரை நிரப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் மாமியிடம் நீட்டினார். அந்த நடுங்காத கையையே பார்த்தபடி வாங்கிய மாமியின் கைகள் நடுங்கி, தேத்தண்ணி சேலையில் கொட்டியது.

வெளியே தண்டவாளத்தில் ஒரு ரயிலும் இல்லை. மாமா கோப்பையோடு சேர்த்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டுமில்லையப்பா," என்றார். "ரயில் போகுது."