கட்டத்துக்குள் வந்த சந்தேகம்

தோகுஜி சபதம் போட்டுவிட்டார். "இந்தப் புதிரை இந்த வீட்டுல யாராவது போட்டு முடிச்சா, அன்னியிலேர்ந்து குளியல் தொட்டியை நான் தேய்க்கிறேன்!"

வீட்டில் இருந்ததே அவரும் மனைவி சுமியேவும்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டி தேய்க்கும் சுமியேவுக்கு எண்களைக் கண்டாலே தலை சுற்றுமாம். சபதத்துக்கு ஆபத்தில்லை.

பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றபின் சுடோகு என்ற எண்புதிர் உருவாக்குவதுதான் அவருக்கு உத்தியோகம். அதுவும் சாதாரண சுடோகு இல்லை. சில கட்டங்களைச் சேர்த்துப் புள்ளிவேலி போட்டு, அவற்றின் கூட்டுத்தொகையை மட்டும் மூலையில் எழுதுவார். மீதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதிர் பத்திரிகைப் போட்டிக்கு நாளை அனுப்ப வேண்டியது.

மட்சுயே நகரத்து ஏரியிலிருந்து பனி ஏறிவந்து பகலிலேயே வீட்டை இருட்டாக்கியது. தோகுஜி தேநீர் எடுத்துவரப் போனார். திரும்பினால், பதினேழு என்ற வேலிக்குள் மெல்லிய பென்சிலில் எட்டும் ஒன்பதும். சரியான இடத்தில்!

"சுமியே! உள்ள வந்தியா?"

"முள்ளங்கி காயக் கட்டிட்டிருக்கேன்!" தோட்டத்திலிருந்து குரல் வந்தது. "ஏன் பேயைப் பார்த்தவராட்டம் கத்துறீங்க?"

முன்பு அங்கே குடியிருந்த வங்கிக் கணக்கர் செத்தும் வீட்டைக் காலி செய்யவில்லை என்று மீன்காரி சொன்னது ஞாபகம் வந்தது. வாசல்கதவைப் பூட்டிவிட்டு வந்தார். இப்போது ஒரு பத்தி முழுக்க நிரம்பியிருந்தது. கீழே நடுங்கும் எழுத்தில் ஒரு வரி:

'ஒரே வேலிக்குள் ஒரே எண் இருமுறை வரலாமா? விதியில் இல்லையே.'

இல்லைதான்! ஆறு என்ற வேலியில் மூன்று கட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்றா? ஒன்று, ஒன்று, நான்கா? எண்கட்டத்தில் ஓட்டை, தோகுஜியின் கட்டமும் சரியில்லை. வெற்று அறையை நோக்கிக் குனிந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். வரக்கூடாதுங்க. ஒரே வேலிக்குள்ள எண் திரும்ப வரவே கூடாது. விதியில சேர்த்துடறேன்."

எங்கோ ஒரு பலகை 'சரி' என்பதுபோல் முனகியது.

பேயை விரட்டத் தூவுவதற்கு உப்பெடுக்க ஓடினார். திரும்பியபோது புதிர் முடிந்திருந்தது. ஒரு பிழை இல்லை. வாக்குத் தவறினால் கணக்கர் சும்மா விடுவாரா? நேரே போய்த் தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

சுமியே குளியலறை வாசலில் வந்து நின்றாள். "மூலையையும் தேய்ங்க. புதிரைப் போட்டது நான்தான். பின்கதவு வழியா வந்து வந்து போனேன்."

"நீயா! தலை சுத்தும்னியே?"

"சுத்தும்னு சொல்லலேன்னா நாள் பூரா உக்காரவெச்சு விளக்குவீங்களே!"

தோகுஜிக்கு உயிர் வந்தது. "அப்பாடா! கேள்வி எழுதி என்னைச் செத்த கணக்கர்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சுட்டியே!"

சுமியேவின் சிரிப்பு நின்றது. "அது நீங்க எழுதினதில்லையா? திரும்ப வரக்கூடாதுன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தீங்க. அதைக் கேட்டுத்தான் மீதியைப் போட்டேன்."

தோகுஜி தேய்ப்பானைப் போட்டுவிட்டு எழுந்தார். அவள் கூடத்துப் பக்கம் நடந்தாள்.

"சுமியே, நில்லு! நானும் வரேன்!"

"வாங்க, வாங்க. வரும்போதே தரையையும் துடைச்சுட்டு வந்துடுங்க."