கிறிஸ்துமஸ் பீருக்கு நாலு போடுகிறவர்

நவம்பர் பிறந்ததும் பனிக் கடலோரத்து எங்கள் ஓலேசுண்ட் ஊரில் ஓர் இனம் விழித்துக்கொள்ளும். கரடி அல்ல, கரடி அந்த நேரம் தூங்கப் போய்விடும். நான் சொல்வது, வீட்டுக்குள்ளேயே கிறிஸ்துமஸ் பீருக்கு நீதிமன்றம் கூட்டும் மனிதரை.

பதினோரு மாதம் இவர் சாது. கிடைத்ததைக் குடிப்பார், சத்தம் போடாமல் தூங்குவார். கடையில் கிறிஸ்துமஸுக்கென்றே காய்ச்சிய கறுப்பு பீர் வந்து இறங்கட்டும், அப்புறம் பாருங்கள். பத்திரிகைகள் எல்லாம் அந்தந்த வருடத்துப் பீருக்குப் பகடை போட்டு மதிப்பெண் கொடுக்கும். ஆறு என்றால் அமிர்தம், ஒன்று என்றால் சாக்கடை. இவர் அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "பத்திரிகைக்காரனுக்கு நாக்கு ஏது?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டில் தானே பகடை உருட்டத் தயாராவார். உருட்டுவது என்றா சொன்னேன்? தவறு. இந்தப் பகடையை யாரும் உருட்டுவதில்லை. பார்த்துப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள்.

மாதிரிக்கு எங்கள் மாடிக்காரர் ஓட்வாரை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலை. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நீங்கள் அவர் வீட்டுக்குள் நுழைந்தால், மேஜைமேல் எட்டு பாட்டில்கள் கழுத்துவரை கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நிற்கும். எது எந்தப் பீர் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம், நியாயமாம். ஒவ்வொரு காலுறைக்கும் ஒரு நம்பர். பக்கத்தில் வாய் சுத்தம் பண்ண வறட்டு ரொட்டி, மூக்கு சுத்தம் பண்ண காப்பிக்கொட்டை, இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கிற வெப்பமானிக் கம்பி. அந்தக் கம்பியைப் பீருக்குள் விட்டு, எட்டு டிகிரிக்கு மேல் போனால் மால்ட், அதாவது பீருக்கு ருசி தருகிற முளைகட்டின பார்லி, மயங்கிவிடும் என்பார். ஆறுக்குக் கீழே போனால் மால்ட் வாயைத் திறக்காது என்பார். மால்ட் திறக்காவிட்டால் என்ன, இவர் திறப்பார்.

"ஒண்ணாம் நம்பர்ல காஞ்ச அத்திப்பழம் வருது. பின்னாடியே நனைஞ்ச பைன் மரம். கடைசியில, ம்ம், பழைய படகுக் கொட்டகை வாசம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே," என்றாள் அவர் மனைவி குன்வோர். "அந்த சாக்ஸைத் துவைச்சு மாட்டுன்னு தலையால அடிச்சுக்கறேன். அது படகுக் கொட்டகை இல்ல, ஓட்வார். உன் கால்."

இந்த இனத்துக்கு இதெல்லாம் உறைக்காது. குறிப்பேட்டில் 'கால்' என்று எழுதமாட்டார். 'மண் சார்ந்த ஆழம்' என்று எழுதுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு வர்ணனைக்கும் பிறகு ஓட்வார் எத்தனை போடுவார்? நாலு. அத்திப்பழத்துக்கும் நாலு, பைன் மரத்துக்கும் நாலு, தன் காலுக்கும் நாலு. ஆறு போட்டால் "அப்படி என்ன கண்டீர்?" என்று எவனாவது கேட்பான். இரண்டு போட்டால் அதை வாங்கிவந்தவனுக்கு மூஞ்சி சுருங்கும். நாலு போட்டால் பகை இல்லை, பொறுப்பு இல்லை, இன்னொரு கிளாஸும் கிடைக்கும். நாலு என்பது மதிப்பெண் அல்ல ஐயா, அது ஒரு ஒளிந்துகொள்ளும் இடம்.

முப்பது வருடம் மீன் தொழிற்சாலைகளில் சங்கம் கட்டியவன் என்பதால் வாக்கெடுப்பு பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஓட்வார் வீட்டில் நடப்பது ரகசிய வாக்கெடுப்பு என்று பெயர். ஆளுக்கு ஒரு பகடை, ஒரு காப்பிக் கோப்பை. பகடையைத் திருப்பி வைத்துக் கோப்பையால் மூட வேண்டும். "தூக்கு" என்றதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடுவதற்கு முன்னால் அத்தனை பேரும் ஓட்வாரின் புருவத்தைப் பார்ப்பார்கள். முதலாளி உட்கார்ந்திருக்கும் அறையில் கை தூக்கச் சொன்ன மாதிரிதான்.

போன வருடம் அந்த மேஜையைச் சுற்றி ஓட்வார், குன்வோர், எதிர்வீட்டு பஸ் டிரைவர் தூருன், அவள் புருஷன் லைடுல்வ், நான், பிறகு குன்வோரின் தம்பி ஆர்ன்பின்.

ஆர்ன்பின் கார்கள் ஏற்றும் படகில் வேலை செய்பவன். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மழையிலும் பனியிலும் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கையாட்டியே பத்தொன்பது வருடம் ஓட்டியவன். வீட்டுக்குள் நுழையும் முன்பே என்னை மாடிப்படியில் மறித்துக்கொண்டான்.

"தோழரே, ஒரு ரகசியம். ஆறாம் நம்பர் சாக்ஸுக்குள்ள இருக்கறது கடை பீர் இல்ல. நான் காய்ச்சினது. காலையிலயே வந்து மாத்தி வெச்சுட்டேன்."

"ஓட்வாருக்குத் தெரியுமா?"

"இங்க யாருக்கும் தெரியாது. அக்காவுக்குக்கூட. மூணு வருஷமா கொட்டகையில காய்ச்சிப் பழகறேன். வேலையை விடறேன்னு கடிதாசி எழுதி இதோ பையில வெச்சிருக்கேன். இன்னிக்கு இவங்க நல்லாருக்குன்னு சொன்னா திங்கக்கிழமை கொடுத்துட்டு முழுசா இதுல இறங்கிடுவேன். இல்லன்னா இல்ல. சொந்தக்காரன்னு தெரிஞ்சா பொய் சொல்லுவாங்க, அதான் சாக்ஸ். நீங்க எப்படியும் பொய் சொல்லமாட்டீங்க. அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

தொழிற்சாலை முதலாளிகள்கூட என்னை இவ்வளவு இக்கட்டில் மாட்டியதில்லை.

ஆறாம் நம்பர் வந்தது. ஊற்றினார்கள். குடித்தேன். சொல்லிவிடுகிறேன்: புளிப்பு. பழப்புளிப்பு இல்லை, கறை நீக்கும் புளிப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் சுருண்டு நடுவில் வந்து கைகுலுக்கிக்கொண்டன. தூருன் கண்ணை மூடிக்கொண்டாள். லைடுல்வ் வறட்டு ரொட்டி மூன்றை ஒன்றாக வாயில் திணித்தான். எல்லோரும் ஓட்வாரைப் பார்த்தோம்.

ஓட்வார் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார். இரண்டு முறை விழுங்கினார். இரண்டாவது விழுங்கல் கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது.

"காட்டு ஆப்பிள்," என்றார். "தைரியமான பீர். நேர்மையான புளிப்பு. எல்லாருக்கும் புரியாது."

புரியாதவராக இருக்க யாருக்குத்தான் சம்மதம்? கோப்பைகள் கவிழ்ந்தன. "தூக்கு" என்றார். நாலு, நாலு, நாலு, நாலு. மாடிப்படியில் 'பொய் சொல்லமாட்டீங்க' என்று கேட்டுவிட்டு வந்த என் கோப்பைக்கு அடியிலும் நாலு. ஆர்ன்பின் மட்டும் தன் கோப்பையைத் தூக்கவே இல்லை. எழுந்து நின்றான். காலுறையை உருவினான். உள்ளே லேபிள் ஒட்டாத பாட்டில்.

"இது என்னோடது. நான் காய்ச்சினது."

என்ன ஆரவாரம்! குன்வோர் தம்பியைக் கட்டிக்கொண்டாள். "அடப்பாவி, சொல்லவே இல்லையேடா!" தூருன் கைதட்டினாள்.

"நான் அப்பவே நெனச்சேன் மச்சான்," என்றார் ஓட்வார், எதையும் நினைக்காத ஓட்வார். "கைவேலை தனியாத் தெரியுது."

"அப்போ நாலுன்னா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"நாலுன்னா என்ன சாதாரணமா? பாதிக்கு மேல!"

ஆர்ன்பின் கீழே நிலவறைக்கு ஓடினான். ஒரு பெட்டி பாட்டிலைத் தூக்கிவந்து வாசல் நடையில் வைத்து, ஆளுக்கு இரண்டு எடுத்துப் போகச் சொன்னான். "நாலு வாங்கின பீர்!" என்று அவனே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வேலையை விடப்போவதையும் அப்போதுதான் எல்லோருக்கும் சொன்னான். சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது. ஆனால் பகடை விழுந்துவிட்டதே. இனி யார் எடுத்துத் திருப்புவது?

சங்கத்தில் சேருகிற புதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்: கூட்டத்தில் தூக்கின கையை எண்ணாதே, விடிந்ததும் ஆலை வாசலில் வந்து நிற்கிற காலை எண்ணு. ஆர்ன்பின் எங்கள் சங்கத்தில் இருந்ததில்லை. ஆனால் அன்று கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் வழியனுப்ப அவன்தான் நின்றான்.

இன்னும் இரண்டு காலுறை மிச்சமிருக்கும்போதே முதலில் தூருனும் லைடுல்வும் கிளம்பினார்கள். "அடடா, நாளைக்குக் காலையில பஸ் எடுக்கணுமே, வீட்ல பாட்டில் இருந்தா இவர் சும்மா இருக்கமாட்டார்," என்றாள் தூருன். சும்மா இருக்கத் தயார் என்று லைடுல்வ் வேகமாகத் தலையாட்டினான். இருவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு படியிறங்கினார்கள். ஓட்வார் தன் பங்கைத் தூக்கிப் பால்கனியில் பனிக்குள் புதைத்தார். "இதை இப்பக் குடிச்சா பாவம் மச்சான். ரெண்டு வருஷம் கிடக்கணும்."

நான் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினேன். ரொம்ப நேரம் கட்டினேன். நிமிர்ந்தபோது ஆர்ன்பின் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோழரே, உங்க கையும் காலி."

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இப்போ இங்க யாரும் இல்ல. எத்தனை?"

"ரெண்டு," என்றேன்.

"ரெண்டா?"

"ஒண்ணரை. பாட்டிலைச் சரியாக் கழுவாம அடைச்சிருக்கே. புளிச்சுப்போச்சு. அடியில இருக்கற மால்ட் நல்லாத்தான் இருக்கு, அது மேல வரவே முடியல."

அவன் முகம் முதலில் சுண்டிப்போனது. பிறகு, நான் எதிர்பார்க்காத மாதிரி, பாரம் இறங்கிய முகமாக மாறியது.

"இதை மேஜையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூணு வருஷத்துல ஒருத்தர்கூட 'கழுவு'ன்னு சொல்லலயே! படகுல யாருக்கு ஊத்திக் கொடுத்தாலும் 'சூப்பர்', 'சூப்பர்'ன்னான்." கடிதாசியை எடுத்து நாலாக மடித்து உள்பைக்குள் தள்ளினான். "திங்கக்கிழமை காலையில ஆறே காலுக்கு முதல் படகு. மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு நான் நிப்பேன். அடுத்த நவம்பர்ல வாங்க. கழுவின பாட்டில்ல தரேன்."

பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு இறங்கினான். உள்ளே ஓட்வார் ஏழாம் நம்பரைத் தொடங்கியிருந்தார். காஞ்ச அத்திப்பழம் என்று சத்தம் கேட்டது.

வாசகரே, நீங்கள் பீரைத் தொடாதவர். பகடையைச் சின்ன வயதோடு விட்டவர். நல்லது. ஆனால் பாருங்கள், போன மாதம் ஒரு நண்பர் சொந்தச் செலவில் அச்சடித்த கவிதைத் தொகுப்பை உங்கள் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டாரே. "மண்வாசம் வீசுது, தொடர்ந்து எழுதுங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். அவர் இப்போது இரண்டாம் தொகுப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் தொகுப்பு உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு. அவர் வீட்டுக்கு வரும்போது மட்டும் தயவுசெய்து அந்த ஜன்னலை மூடி வையுங்கள்.